பேட்டரி பிரஷ்ஷும் மூன்று நாள் மௌனமும்

ஈறு முழுக்கக் கூசும்படி 'கொர்ர்ர்' என்று அதிரும் அந்த பேட்டரி பிரஷ், எண்பதுகளின் தொடக்கத்தில், திருத்தணியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஓடும்போது அடுத்த வீட்டுத் தறிச்சத்தத்தையே அமுக்கிவிடுவதாக எனக்குத் தோன்றும். அப்போது எனக்குப் பதினான்கு வயது. துருத்திய முன்பற்களை உள்ளே தள்ளுவதற்காக மெட்ராஸ் டாக்டர் பல்லுக்குப் பல் ஒரு எஃகுச் சில்லை ஒட்டி, குறுக்கே கம்பி கட்டியிருந்தார். சாப்பிட்டதும் பிரஷ் போடவேண்டும், சில்லு பெயர்ந்தால் மொத்தத்தையும் கழற்றிவிடுவேன் என்று அவர் மிரட்டியது, பல்பொடியும் ஆள்காட்டி விரலுமாகவே காலந்தள்ளிய எங்கள் வீட்டை ஆட்டிவைத்தது.

அக்காவைக் கட்டிய பாவாதான் துபாயிலிருந்து அந்த பிரஷ்ஷைக் கொண்டுவந்தார். "மிஷின்ல தேய்ச்சா கம்பி இடுக்குல ஒரு பருக்கை தங்காது" என்றார். அம்மா நம்பவில்லை. "நீ கையாலயே மெதுவா தேய்மா. அது கம்பிய இழுத்துகினு வந்துடப் போவுது." இரண்டையும் பார்த்துவிட்டேன். கை பிரஷ் கம்பிக்கு மேலும் கீழும் சாய்ந்து சாய்ந்து பொறுமையாகப் போகும், அதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். மிஷின் நிமிடத்தில் முடிக்கும், 'பேட்டரி கட்டை' தீரும்வரை. தீர்ந்தால் கட்டைகளை வெயிலில் காயவைத்துப் போட்டு, அது ஓடாத குறைக்கு நான் அழுத்தித் தேய்ப்பேன். அப்படி அழுத்தியதில்தான் ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் முன்னால் முன்பல் சில்லு பெயர்ந்துவிட்டது.

கம்பியைக் கழற்றிவிட்டால் வகுப்பில் நான் மறுபடியும் 'தேங்காத்துருவி'. உதட்டை இறுக்கிக்கொண்டேன். யார் கேட்டாலும் தலையாட்டல்தான், சாப்பாடுகூட மோர்சோறுதான். வேறு ஊராக இருந்தால் கோபம் என்று நினைத்திருப்பார்கள். முருகனுக்கு வேண்டிக்கொண்டு, வாயில் அலகு குத்தி வாய்ப்பூட்டு போட்டுப் பேசாமல் மலையேறுகிறவர்களைப் பார்த்தே பழகிய ஊர் எங்களுடையது. அடுத்த மாதம் வயிற்றில் ஆபரேஷன் என்று பயந்துகிடந்த அம்மா, எனக்கு ஏதோ வேண்டுதல் என்று முடிவுகட்டிவிட்டாள். "பொண்ணு கிருத்திகைக்கு மௌனம் இருக்குதுங்க" என்று தெரு முழுக்கச் சொன்னாள். தப்பித்தோம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

கிருத்திகையன்று படியேறினோம். ஒவ்வொரு படிக்கும் என் பயம் கூடிக்கொண்டே போனது. சன்னதி முன்னால், "அரோகரா சொல்லி முடிச்சிக்கோம்மா" என்றாள் அம்மா. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். கம்பி உதட்டுக்கு வெளியே வந்து தொங்கியது.

அம்மா கம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுக்கா மூணு நாளா பேசல? நீ எனக்கோசரம் வேண்டிக்கினு இருக்கேன்னு நெனச்சேனே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

டாக்டர் திட்டிக்கொண்டே ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொடுத்தார். தப்பு பிரஷ்ஷில் இல்லை, அழுத்திய கையில்தான் என்றார். அம்மாவின் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. இன்று என் மகள் பல்லில் கம்பி. அவளுடைய மின்சார பிரஷ், கொஞ்சம் அழுத்தினாலே சிவப்பு விளக்கைக் காட்டி எச்சரிக்கிறது. கட்டையை வெயிலில் காயவைக்கும் வேலை இல்லை, அந்தக் கிணறு இல்லை, அம்மாவும் இல்லை. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு கிடந்தேனே, அதில் ஒரு நிமிடமாவது அவளுக்காக வேண்டிக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை.