பாஸ்வேர்டை வைத்திருந்தவர்

பூந்தமல்லியில் இருக்கும் எங்கள் பாத்திர வாடகைக் கடைக்கு வெப்சைட் செய்து தருகிறேன் என்று வந்தவர் அவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று, யாரையும் அதட்டாத குரல். ஏதாவது கேட்டால் லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“வெப்சைட் யார் பேர்ல இருக்கும்?” என்று கேட்டேன்.

பாதி மூடினார். “என் பேர்லயே இருக்கட்டும்ணே. உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி?”

“நாளைக்கு நாங்க வேற ஆள்கிட்ட போனா?”

“இதுவரைக்கும் என்னை விட்டு யாரும் போனதில்லண்ணே” என்று சிரித்தார்.

அவரிடம் வேலை கொடுத்த யாரையாவது விசாரிக்க வேண்டும் என்றேன். கரையான்சாவடியில் மெத்தைக் கடை வைத்திருப்பவரின் நம்பரைத் தந்தார். நான் போன் செய்யாமல் நேரிலேயே போனேன். கடைக்குள் இருக்கும்வரை அந்தக் கடைக்காரர் வெப்சைட்காரரைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். வெளியே என் வண்டிவரை கூட வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“நம்பாத நைனா. சைட்டு, பாஸ்வேர்டு எல்லாம் அவராண்டதான் கீது. திருப்பிக் கேட்டேன், ஒரு வாரம் என் கடையே நெட்ல காணாம பூட்ச்சு. நான் சொன்னேன்னு யாராண்டயும் சொல்லாத.”

மறுநாள் வெப்சைட்காரருக்குப் போன் செய்து, இப்போதைக்கு வெப்சைட் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“பரவால்லண்ணே. மெத்தைக் கடைக்காரர் உங்க வண்டிவரைக்கும் வந்து வழியனுப்பினாராமே. நல்ல மனுஷன்.”

அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. போனை வைத்த கையோடு மெத்தைக் கடையின் வெப்சைட்டைத் திறந்தேன். வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது.