கியர்பாக்ஸ் மாற்றித் தந்த பாயைப் பற்றி நான் எழுதியது தவறு

போன வாரம் இதே பக்கத்தில் நான் போட்ட ஒரு பதிவை உங்களில் பலர் பகிர்ந்தீர்கள்.

அதில் இருந்தது தவறு! முழுக்க முழுக்க என் தவறு.

(இத்தோடு முடித்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் குற்றம் சொல்லும்போது பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஒப்புக்கொள்ளும்போது மட்டும் இரண்டு வரியில் முடிப்பது நியாயமில்லை.)

விஷயம் தெரியாதவர்களுக்கு: அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்கள் பழைய பிக்கப் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி மார்க்கெட்டுக்கு வாழை இலைக் கட்டு.

நாலு கியர் வண்டி. இரண்டாம் கியர் போட்டால் தானாகக் கழன்று வந்துவிடும். உதிரிப் பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை.

மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் பாய்தான் ஒரு வழி சொன்னார். (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போன வாரம் பெயரும் போட்டு, பட்டறை போர்டைப் படமும் எடுத்துப் போட்டவள் நான்!)

"அண்ணாச்சி, இதே கம்பெனில பின்னால வந்த வண்டிக்கு அஞ்சு கியர் பெட்டி. பழைய இரும்புக் கடையில ஒண்ணு நல்லதா கெடக்கு. அத மாத்திருவோம். ஆனா சும்மா தூக்கி வச்சா உக்காராது, கொஞ்சம் வேலை இருக்கு" என்றார் அப்பாவிடம்.

அந்தக் கொஞ்சம் வேலைக்கு ஆறு நாள் ஆனது. பெட்டியைத் தாங்கப் புது பிராக்கெட் வெல்டிங் செய்தார். புதுப் பெட்டி நீளம் அதிகம் என்பதால், பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் குட்டையாக்கினார். கியர் கம்பி மேலே வர, கேபின் தரையில் வேறு இடத்தில் ஓட்டை போட்டார். கிளட்ச் தட்டையும் புதிதாக மாற்றினார்.

வண்டி கைக்கு வந்த மூன்றாம் நாள். ரயில்வே கேட் திறந்தது. முதல் கியர் விழவில்லை!

கரகரவென்று பல் அரைபடும் சத்தம் மட்டும். பின்னால் ஒரு பஸ்.

"ஏம்மா, கியர் போடுதியா, மாவு அரைக்கியா?" என்று டிரைவர் கத்தினார். பஸ்ஸே சிரித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஏட்டி, பாய்க்கு ஒரு போன் போட்டுக் கேளு. வந்து பாப்பாரு" என்றார் அப்பா.

நான் போடவில்லை. எனக்குப் போனில் கோபப்பட வராது. எழுத்தில் நன்றாக வரும்.

'காயலான் கடைக்குப் போக வேண்டியதை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்' என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அதை இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு பிடித்திருந்தது.

கமெண்டுகள் வந்தன. அவர் பெயரைப் பார்த்துவிட்டுச் சிலர் எழுதியவை கியர்பாக்ஸைப் பற்றியவை அல்ல.

அவற்றை நான் படித்தேன். நீக்கவில்லை. பகிர்வு ஏறிக்கொண்டிருந்தது.

பதிவு போட்ட நான்காம் நாள் காலை, பைக்கில் அவரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வண்டி எங்கம்மா நிக்கி?"

ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டார். கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினார். கரகர! குனிந்து காலடியில் பார்த்தார். பிறகு நாலாக மடித்திருந்த ஒரு சாக்கை உருவி வெளியே போட்டார்.

ரயில்வே கேட்டில் மாட்டிய அன்று காலையில் நான் போட்ட சாக்கு. புது ஓட்டை வழியாக இன்ஜின் சூடு ஏறி உள்ளங்கால் சுட்டது. நம் ஊர்ப் பக்கத்தில் லோடு வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் காலடியில் சாக்கு போட்டுத்தான் ஓட்டுவார்கள். அப்பாவும் அப்படித்தான். பழைய கிளட்ச் பாதி மிதித்தாலே விட்டுவிடும் என்பதால் அது ஒருநாளும் தொந்தரவாக இருந்ததில்லை.

மறுபடி மிதித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ரிவர்ஸ். சத்தமே இல்லை.

"புது கிளட்சு அடி வரைக்கும் போவணும்மா. சாக்கு பாதியிலயே தடுக்குல்லா? சூடா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா ரப்பர் ஒட்டித் தந்திருப்பேனே."

அப்பா கம்பை ஊன்றி எழுந்து வந்தார். "பாய், எம் பிள்ள தெரியாம செஞ்சிட்டா."

"சாக்கு போட்டது தெரியாமத்தான் அண்ணாச்சி. எழுதுனது?"

அப்பா என்னைப் பார்த்தார். பாயே தொடர்ந்தார்.

"எம் மவ காலேஜுல படிக்கா. அவ கூட்டாளிப் பிள்ளைக அத அவளுக்கே அனுப்பிருக்குக. 'ஏன் வாப்பா ஏமாத்துனீங்க'ன்னு கேட்டாலாவது பதில் சொல்லலாம். ஒண்ணுமே கேக்க மாட்டேங்கா."

மன்னித்துவிடுங்கள் என்றேன். "சரிம்மா" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பைக்கை எடுப்பதற்கு முன், பால் வேன் வைத்திருக்கும் ஒருவர் இரண்டு வண்டி வேலைக்கு விடுவதாக இருந்ததையும், பதிவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றதையும் அப்பாவிடம் சொன்னார்.

நேற்று அந்த வேன்காரரிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். (எழுதிக் காட்டவில்லை. வாயால் சொன்னேன். நாக்கு குழறியது.)

"நீ சொல்லுதது சரிதான் பாப்பா. ஆனா அது எங்க குடும்ப குரூப் வரைக்கும் வந்துட்டே. எங்க வீட்டுலயே 'அங்கன விடாதீங்க'ங்கா. நான் என்ன செய்ய?"

வண்டிகளை அவர் பாயிடம் விடுவதாகச் சொல்லவில்லை.

பழைய பதிவை நீக்கிவிட்டேன். ஆனால் அது இப்போது என்னிடம் இல்லை. எனக்குத் தெரியாத எத்தனையோ குரூப்புகளில் இருக்கிறது. அங்கே போய் நான் பேச முடியாது. உங்களால் முடியும்.

நேர்மை, பெரிய மனசு என்று தயவுசெய்து இதற்குக் கீழே யாரும் எழுத வேண்டாம்.

எந்தக் குரூப்பில் அதைப் போட்டீர்களோ, அதே குரூப்பில், அதே வேகத்தில் இதையும் போடுவீர்களா?