சோளகக் காற்றின் பக்கம் கட்டிய தொட்டி

ஆடி மாதம். காலை 6.20க்கு வவுனியாவில் யாழ்ப்பாண பஸ் ஏறி, பரந்தனில் இறங்கி, முல்லைத்தீவு பஸ் பிடித்தேன். உடையார்கட்டுச் சந்தியில் இறங்கும்போது மணி பத்து. மூன்று வருடங்களுக்கு முன் இங்கே தவமணி அக்கா வீட்டில் ஒரு சாண எரிவாயுத் தொட்டி கட்டிக் கொடுத்தேன். சாணியும் கோழி எருவும் போட்டால் குசினிக்கு காஸ் வரும். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

சந்தியிலிருந்து இரண்டு கிலோமீற்றர். ஓட்டோவுக்கு முந்நூறு ரூபா. காஸ் தொட்டி வீடு என்றேன்.

"கண்ணெரியிற வீடெண்டு சொல்லுங்கோ அண்ணை, உடனை விளங்கும்" என்றார் ஓட்டோக்காரர்.

பகிடி என்று நினைத்தேன். படலைக்குள் கால் வைத்ததும் என் கண்ணும் எரிந்தது.

அமோனியா. காஸ் எடுத்தபின் வெளியேறும் கரைசல் ஒரு குழியில் விழும். செலவைக் குறைக்க அந்தக் குழியை மூடாமல் விட்டவன் நான். காஸ் அதிகம் வருமென்று கோழி எருவைக் கூட்டச் சொன்னவனும் நான்தான். இடம் பார்க்க வந்தது மார்கழியில். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. நாற்றம் வீட்டுக்கு வராதென்று தென்மேற்கு மூலையைக் காட்டிவிட்டுப் போனேன். வைகாசி பிறந்தால் சோளகக் காற்று அந்த மூலையிலிருந்துதான் வீட்டுக்குள் அடிக்கும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பெரிய கெட்டிக்காரன் எனக்குத்தான் தோன்றவில்லை.

குசினியில் அடுப்பு நீலமாக, அருமையாக எரிந்தது. அக்கா தேத்தண்ணி தந்தார்.

"உங்கடை மகள் எங்கை அக்கா?"

"இந்த நாத்தத்துக்கு மூச்சிழுப்பு வந்திட்டுது தம்பி. பளையிலை தங்கச்சி வீட்டிலை விட்டிருக்கிறன். ரெண்டு வருசமாகுது."

"தொட்டியை நிப்பாட்டியிருக்கலாமே?"

"இடியப்பம் அவிச்சுக் குடுத்துத்தானே சீவியம். விறகுக்கு எங்கை போறது?"

காற்று மாறும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"நீங்கள் அளவு நாடாவோடை நிண்டியள். படிச்ச ஆளுக்கு நான் காத்தைப் பற்றிச் சொல்லுறதோ எண்டு பேசாமல் இருந்திட்டன்."

அவர் சொல்லாதது மரியாதை. நான் கேட்காதது திமிர். அடுத்த கிழமை தகரம் கொண்டுவந்து குழியை மூடுகிறேன், கோழி எருவையும் குறைப்போம், பிள்ளையைக் கூட்டி வரலாம் என்றேன்.

"மூடுங்கோ தம்பி. பிள்ளைதான் வரமாட்டன் எண்டுறாள். சித்தியை இப்ப அம்மா எண்டுதான் கூப்பிடுறாள்."

பொழுதுபட முன் வவுனியா வந்துவிட்டேன். என் மகள் அப்பா என்று ஓடி வந்தாள். அவளைத் தூக்க எனக்குக் கை கூசியது.