ஸ்டான்லி வீட்டில் பத்து நாள் இருந்த டர்ன்டேபிள்

தேனி மதுரை ரோட்டில் மோட்டார் பம்பு விற்கும் ஸ்டான்லிக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது, பதினெட்டு லட்ச ரூபாய் விலையுள்ள, இசைத்தட்டு ஓட்டும் ஒரு டர்ன்டேபிள் அவர் வீட்டுக்கு வந்தது. இன்னும் வாங்கிவிடவில்லை. பத்து நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம், பிடித்தால் பணம் கட்டலாம், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கொச்சியில் இருக்கும் கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தப் பத்து நாளும் ஸ்டான்லி சரியாகச் சாப்பிடவில்லை.

அதுவரை அவர் வாழ்க்கையில் பெரிய பதற்றங்கள் இருந்ததில்லை. பாலிடெக்னிக் முடித்த கையோடு கடை போட்டவர். முன்னால் விற்பனை, பின்னால் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை. சின்னமனூரிலிருந்து கம்பம் வரை திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு அவரைத் தெரியும். அவர் காதைத்தான் இன்னும் நன்றாகத் தெரியும். போர்வெல் மோட்டார் மக்கர் செய்தால் தோட்டத்திலிருந்தே கூப்பிடுவார்கள். போனை மோட்டார் பக்கம் பிடிக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பேரிங் போய்விட்டது, நாளைக்குக் கழற்றிக் கொண்டு வாருங்கள் என்பார். பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும்.

டர்ன்டேபிள் மேல் ஆசை வந்ததும் மோட்டார் வழியாகத்தான். ஒன்பது வருடங்களுக்கு முன்பு, போடிக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு பம்பு மாட்டப் போனவரிடம், மேனேஜர் தன்னுடைய டர்ன்டேபிள் இரைகிறது என்று காட்டினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு மோட்டார். எண்ணெய் விட்டு, பெல்ட்டைச் சரிசெய்து ஓட விட்டார். மேனேஜர் ஒரு பியானோ இசைத்தட்டைப் போட்டார். இசையைவிட ஸ்டான்லியை உலுக்கியது வேறொன்று. மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் அது சுற்றுவது கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் அலறும் மோட்டார்களோடு கிடந்தவருக்கு அது ஏதோ செய்தது. அடுத்த மாதமே நாற்பத்தைந்தாயிரத்துக்கு ஒன்று வாங்கினார். கடை அடைத்து வந்ததும் தினம் ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்காருவது வழக்கமாயிற்று. கண்ணை மூடினால் எதிரே யாரோ உட்கார்ந்து வாசிப்பது போல இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அது முக்கால்வாசிதான் நடந்தது. மீதிக் கால்வாசிக்கு என்ன வேண்டும் என்று இணையத்தில் படிக்கப் போனவர், கடைசியில் இந்தப் பதினெட்டு லட்சத்தில் வந்து நின்றார்.

ஜெயமங்கலத்தில் அப்பா வழியில் வந்த நிலம் விற்றுக் கையில் பணம் இருந்தது. மகள் மகிமா கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். பழனிசெட்டிபட்டியில் வீடு கட்டி முடித்தாயிற்று. இந்தப் பணத்தில் உங்களுக்கென்று எதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று மனைவி ஜெபஷீலாதான் சொன்னாள். கார் என்று அவள் நினைத்திருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, கணக்குப் பாடம். டர்ன்டேபிள் வருவதற்கு முந்தின நாள் ஸ்டான்லி விலையைச் சொன்னபோது, சைபரைக் கூட்டிச் சொல்லிவிட்டாரோ என்று திருப்பிக் கேட்டாள். இல்லை என்றார். அவள் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

குமுளி வழியாக வேனில் வந்த கொச்சிக்காரர், நாலு மணி நேரம் தரையில் முட்டி போட்டு அதைப் பொருத்தினார். மொத்தம் ஐம்பது கிலோ. சுற்றும் தட்டு மட்டும் பதினாறு கிலோ. ஊசிக்கு மட்டும் தனியாக இரண்டரை லட்சம். "சாரே, எல்லாம் தாங்கும். ஊசி மாத்ரம் சூக்ஷிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசியை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலிருந்து ஸ்டான்லியின் பயம் தொடங்கியது.

வீட்டு வேலைக்கு வரும் பாண்டியம்மாளை அந்த அறைக்குள் தூசி தட்டக் கூடாது என்றார். இருபது வருடமாக ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடைக்காதவள், முகம் சுருங்கிப் போனாள். வெள்ளிக்கிழமை தன் வீட்டில் நடக்க வேண்டிய ஜெபக்கூட்டத்தை, வெள்ளையடிக்கிறோம் என்று பொய் சொல்லி வேறு வீட்டுக்கு மாற்றினார். மின்சாரம் கூடிக் குறைந்தால் என்ன ஆகும் என்று கடையிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து மாட்டினார். சுவரில் பல்லி ஓடினால் எழுந்து நின்றார். ரோட்டில் லாரி போனால் தரையில் கையை வைத்துப் பார்த்தார். தினம் இரண்டு தடவை கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, அது அப்படியே இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் நாள் கேட்டபோது பிரமாதமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் பழைய டர்ன்டேபிளில் அதே இசைத்தட்டைப் போட்டார். அதுவும் நன்றாக இருந்தது. மாற்றி மாற்றிப் போட்டார். வித்தியாசம் தெரிவது போலவும் இருந்தது, தெரிய வேண்டுமே என்று தான் நினைப்பது போலவும் இருந்தது. இணையத்தில் போய்த் தேடினார். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுப்பதெல்லாம் பாலிஷுக்குக் கொடுப்பது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், இந்த வித்தியாசம் கேட்காதவன் செவிடன் என்று பதில் போட்டிருந்தார். ஸ்டான்லி போனை அணைத்து வைத்தார். ஆனால் அந்த வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை மகிமா வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று அம்மாவிடம் கேட்டாள், பிறகு ஒரு யோசனை சொன்னாள். இரண்டு டர்ன்டேபிளிலும் ஒரே இசைத்தட்டு ஓடட்டும். சத்தம் இரண்டிலும் ஒரே அளவு இருக்கும்படி போனில் அளந்து வைக்கிறேன். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் எதைக் கேட்க வைக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் பழசா புதுசா என்று நீங்கள் எழுத வேண்டும். ஸ்டான்லியிடம் ஒரு பியானோ இசைத்தட்டு இரண்டு பிரதி இருந்தது. ஒப்புக்கொண்டார். ஊசியை இறக்கும் லிவரை மட்டும் பழைய டர்ன்டேபிளில் ஏழெட்டுத் தடவை மகளைப் பழக வைத்தார்.

"நீயும் ஒக்காரும்மா" என்று மகிமா அம்மாவை இழுத்து உட்கார வைத்தாள். ஜெபஷீலா வேண்டாமென்றுதான் சொன்னாள். அவள் இந்த இயந்திரங்களை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுகிறவள், அவ்வளவுதான்.

அரை மணி நேரம் ஆயிற்று. மகிமா இரண்டு தாள்களையும் வாங்கித் தன்னிடம் இருந்த தாளோடு ஒப்பிட்டாள். ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அம்மா, ஒனக்குப் பத்துல ஒம்போது சரி."

"அப்பாவுக்கு?" என்றாள் ஜெபஷீலா.

"அஞ்சு."

அஞ்சு என்பது கண்ணை மூடிக்கொண்டு எதையாவது எழுதினாலும் வருவது. மூன்று பேருக்கும் அது புரிந்தது. ஸ்டான்லி சிரிக்கப் பார்த்தார். எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று மனைவியைக் கேட்டார்.

ஜெபஷீலா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "பழசுல, வாசிக்கிறவுக வெரல எடுத்ததும் சத்தம் பட்டுன்னு நின்னுருதுங்க. புதுசுல கொஞ்சம் நின்னு, சன்னமா தேஞ்சு போகுது. மேல கீச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல, அது. ஒங்களுக்குக் கேக்கலையா?"

ஸ்டான்லி அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஜெபஷீலா, இந்தா, இப்ப, என்று விரலை உயர்த்தினாள். அவள் விரல் உயர்ந்து நின்ற நேரமெல்லாம் அவருக்கு அறை அமைதியாக இருந்தது.

அன்றைக்கு மதியம் அவர் கடைக்குப் போகவில்லை. டர்ன்டேபிள் பற்றிய கவலை எங்கோ போய்விட்டது. இத்தனை வருடங்களாக எது எதைக் கேட்காமல் விட்டிருக்கிறேன் என்று யோசித்தார். போன மாதம் சின்னமனூரிலிருந்து திரும்பி வந்த இரண்டு மோட்டார்கள் நினைவுக்கு வந்தன. பேரிங் சரியாக இருக்கிறது என்று அவர் காது வைத்துச் சொல்லி அனுப்பியவை. அவர் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

திங்கட்கிழமை தேனியில் செவித்திறன் பரிசோதிக்கும் இடத்துக்குப் போனார். கூடவே வருகிறேன் என்ற ஜெபஷீலாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். உமாதேவி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த இளம்பெண், ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். சத்தம் எவ்வளவு மெல்லக் கேட்டாலும் அமுக்க வேண்டும் என்றாள்.

முதலில் சரியாக அமுக்கிக்கொண்டே வந்தார். தைரியம் கூட வந்தது. பிறகு சத்தம் வருவது நின்றது. முடிந்துவிட்டது போல என்று நினைத்தார். யாராவது வந்து கதவைத் திறப்பார்கள் என்று காத்திருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். உமாதேவி எழுந்திருக்கவில்லை. அவள் கை ஒரு குமிழைத் திருகியது. அவரைப் பார்த்தாள். மறுபடி கொஞ்சம் திருகினாள். மறுபடி பார்த்தாள். பரிசோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பட்டனை அமுக்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பரிட்சையில் காப்பி அடிக்கிற மாதிரி. அமுக்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் ஒரு தாளைக் காட்டினாள். காதுக்கு ஒரு கோடு; இரண்டும் நேராக வந்து, தாளின் வலது பக்கம் போகப் போகச் சரிந்திருந்தன. இடது காதின் கோடு இன்னும் கீழே.

"பேச்செல்லாம் கேக்கும் சார். மேல்சத்தம்தான் போயிருச்சு. என்ன தொழில் பாக்குறீக?"

சொன்னார். மோட்டார்களை ஓட்டிப் பார்க்கும் மேடை பட்டறையில் அவர் நாற்காலியிலிருந்து ஆறடியில் இருக்கிறது. இடது பக்கம். முப்பது வருடத்துக்கு மேலாக. போனது திரும்பி வராது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் உமாதேவி.

டர்ன்டேபிளுக்கான பத்து நாள் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் ஸ்டான்லியின் மனசு இரண்டு பக்கமும் ஓடியது. இது ஏமாற்று வேலை என்றிருந்தால் நிம்மதியாகத் திருப்பி அனுப்பியிருப்பார். வித்தியாசம் உண்மை. அவள் காதுக்குக் கேட்கிறது. அப்படியென்றால் அவளுக்காக வாங்கலாமே என்று ஒரு நேரம் தோன்றும். இன்னும் கொஞ்ச வருடத்தில் இருப்பதும் போய்விட்டால், இப்போதே நல்லதில் கேட்டுவிட வேண்டாமா என்று இன்னொரு நேரம் தோன்றும். ஒன்பதாம் நாள் சாயங்காலம் இரண்டையும் மனைவியிடம் சொன்னார்.

ஜெபஷீலா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"வாங்கணும்னா வாங்குங்க, நா தடுக்கல. ஆனா எனக்காகன்னு சொல்லி வாங்காதீக. ஒங்களுக்குக் கேக்காதத நா ஒக்காந்து கேட்டுக்கிட்டு, நீங்க எம் மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பீக. அது எனக்கு வேணாம்."

அன்று இரவே கொச்சிக்குப் போன் செய்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மறுநாள் கொச்சிக்காரர் வந்து முட்டி போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். இயந்திரத்தில் எதாவது குறையா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். குறை ஒன்றும் இல்லை என்று ஸ்டான்லி சொன்னார். காரணத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேன் கிளம்பியதும் பாண்டியம்மாள் யாரும் சொல்லாமலே விளக்குமாற்றோடு அந்த அறைக்குள் போனாள்.

அத்தோடு பதற்றம் தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தார். தீரவில்லை. அவர் மேடையிலிருந்து ஆறடி தள்ளி உட்காருகிறவர். பட்டறையில் காயில் கட்டும் ஒச்சாண்டி அந்த மேடை மேலேயே பதினெட்டு வருடம் குனிந்து நின்றவர். நாற்பத்தைந்து வயது, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். ஏதோ ஒரு காரணம் சொல்லி அவரையும் உமாதேவியிடம் அழைத்துக்கொண்டு போனார். ஒச்சாண்டியின் கோடு ஸ்டான்லியுடையதைவிட எவ்வளவோ கீழே கிடந்தது.

"தெரியும்ணே" என்றார் ஒச்சாண்டி, வெளியே வந்து. "வீட்டுல பிள்ளைக கூப்பிட்டா கேக்குறதில்ல. வயசாகுதுன்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க காதுலயே எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறவுக. ஒங்ககிட்டப் போயி எனக்குக் காது கேக்கலன்னா எப்பிடிச் சொல்ல?"



நிலம் விற்ற பணத்தில் முதல் செலவு பட்டறையின் பின்புறம் நடந்தது. மேடையை அங்கே கொண்டுபோய், இரட்டைச் சுவர் எழுப்பித் தனி அறையாக்கினார். இருவருக்கும் காதை மூடும் மஃப் வாங்கினார். ஒச்சாண்டிக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தார். பேரிங்கின் அதிர்வை எண்ணில் காட்டும் மீட்டர் ஒன்று மதுரையிலிருந்து வந்தது. முதல் வாரம் மீட்டர் சொன்னதும் தன் காது சொன்னதும் நாலு மோட்டாரில் வேறுபட்டன. பிரித்துப் பார்த்ததில் மீட்டர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து மோட்டாருக்குக் காது கொடுப்பதை நிறுத்திவிட்டார். வாடிக்கையாளர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. மீட்டரைக் காட்டி ஏமாற்றுகிறார் என்று ஒருவர் சொன்னதாகவும் கேள்விப்பட்டார்.

மூன்று மாதம் கழித்து கொச்சியிலிருந்து போன் வந்தது. அதே டர்ன்டேபிள், பதினான்கு லட்சத்துக்குத் தருகிறோம் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தார். ஒரு வாரம் யோசித்தார். பிறகு அவரே கூப்பிட்டு வேண்டாம் என்றார். கடையில் யாரோ அவரிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் திரும்பினார். காதினால் இல்லை, கவனம் இல்லாததால்.

இப்போதும் சாயங்காலம் பழைய டர்ன்டேபிள் முன்னால் ஒரு மணி நேரம் உட்காருகிறார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் யாராவது கேட்டால், நல்ல சாமான்தான், வாங்கினால் தப்பில்லை, ஆனால் வாங்குவதற்கு முன்னால் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்கிறார். கேட்டவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரும் ஒச்சாண்டியும் உமாதேவியிடம் போகிறார்கள். போன தடவை இருவர் கோடும் மாறாமல் இருந்தது. அடுத்தது ஜூலையில். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு வாரம் முன்பிருந்தே ஸ்டான்லிக்குச் சோறு இறங்குவதில்லை.