ஞானம்மாள் டீச்சரின் ஈயக் குண்டுகள்

செவ்வாய்க்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு ஞானம்மாள் டீச்சர் இறந்த செய்தி பள்ளிக்கு வந்தது. தலைமையாசிரியர் அரைநாள் விடுமுறை விட்டார். எதற்காகவும் தன் தையல் வகுப்பை விட்டறியாத ஒருவருக்கு நாங்கள் செலுத்திய முதல் மரியாதை அது.

அவரை அறிந்தவர்கள் பன்றிக் கதையையும் அறிவார்கள். அதன் நடுப்பகுதி அருகிலிருந்து பார்த்த என் போன்ற சிலருக்குத்தான் தெரியும்.

திற்பரப்புக்கு மேலே மலைச்சரிவில் அவருக்கு மரச்சீனி விளை, அதாவது மரவள்ளிக்கிழங்குத் தோட்டம், இருந்தது. ரேஷனில் அரிசி அளந்து கிடைத்த ஆண்டுகளில் வீட்டுச் சாப்பாடு அதுதான். கணவர் இறந்ததும் காட்டுப்பன்றிகள் துக்கம் விசாரிக்க வந்தவைபோல் கூட்டமாக வந்து, சாப்பிட்டுவிட்டுப் போயின. கணவரின் ரைபிள் வீட்டில் இருந்தது. பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கென்று கொழுந்தன் செல்லையா மனுக் கொடுத்தார். அறுவடைக்குள் ஒரு பன்றியையாவது சுட்டுக் காட்டினால் லைசென்ஸ் தொடரும், இல்லையேல் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்றார் அதிகாரி. அப்படியொரு சட்டப்பிரிவை நான் எங்கும் படித்ததில்லை. டீச்சர் சட்டம் தேடவில்லை. ஈயம் தேடிப் போனார்.

கடையில் தோட்டா கிடைக்காத காலம். கணவர் சுட்டுப்போட்ட வெற்றுத் தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பி, குண்டை வீட்டிலேயே வார்த்தாக வேண்டும். இனயம் கடற்கரையின் வலைக்காரர்களிடம் வலையில் கட்டும் ஈயம் வாங்கினார். அச்சிலிருந்து வரும் குண்டு குழலுக்குச் சற்றுப் பருமன். அளவாகத் துளையிட்ட எஃகு வளையத்துக்குள் அதை அழுத்தித் தள்ளிச் சரியாக்க வேண்டும். பிறகு குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் மசகு பூச வேண்டும். பூசாவிட்டால் ஈயம் குழலில் ஒட்டிக் குறி தவறும். வளையத்தில் இறுகிய குண்டைச் சுத்தியலால் தட்டலாமே என்றேன்.

“சாரே, ஊசியில நூலைச் சுத்தியலு வச்சா கோக்குதீரு?”

மசகாக அவர் பூசியது தேங்காய் எண்ணெய். அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது. தலைக்கும் குழம்புக்கும் முட்டுவலிக்கும் கதவுக் கீலுக்கும் அதையே ஊற்றும் ஊர் இது. மார்கழிக் காலையில் வெண்ணெய்போல் உறைந்து நின்றது. அன்று பகல் முழுக்க வெயிலில் காவலிருந்தபோது உருகி மருந்துக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் விடியலில் பன்றி எதிரே நின்றது. விசையை இழுத்தார், டக்கென்றது, அவ்வளவுதான். பன்றி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மிச்சக் கிழங்கையும் முடித்துக்கொண்டு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் செல்லையா எல்லோர் காதிலும் விழும்படிக் கேட்டார்: “மைனி, பன்னிய எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டவா போனிய?”

சிரிப்பு அடங்கும்வரை டீச்சர் நின்றார். “எண்ணெயிலதான் பிழை. எனக்க கையில இல்ல.”

அறுவடை நெருங்கிவிட்டது. தேன்மெழுகையும் ஆட்டுக்கொழுப்பையும் வெவ்வேறு அளவில் உருக்கிக் குண்டுகளில் பூசி, உச்சிவெயிலில் ஓட்டின்மேல் வைத்தார். வழிந்ததைத் தள்ளினார், இறுகி உதிர்ந்ததையும் தள்ளினார். ஒரு கலவை மட்டும் அசையாமல் நின்றது. அதைப் பூசிய குண்டுகளின் அடிப்பாகத்தை, மருந்தில் மசகு படாதபடி துணியால் துடைத்துத் தோட்டாவில் பொருத்தினார். அடுத்த வாரம் பன்றி விழுந்தது. துப்பாக்கி வீட்டில் தங்கியது. செல்லையாவின் பங்கு இறைச்சியை டீச்சரே கொண்டுபோய்க் கொடுத்தார். “பேடிக்காம தின்னும்,” என்றார். “இதுல எண்ணெயில்ல.”

துப்பாக்கி இனி டீச்சரின் மகள் பெயருக்கு மாற வேண்டும். செல்லையா மறுபடி மனு எழுதுவதாகக் கேள்வி. மகளுக்காக நானும் ஒன்று எழுதுகிறேன்.

டீச்சரின் நினைவாகக் குண்டு ஒன்றைக் கேட்டிருக்கலாம். வைத்திருக்க எனக்கு லைசென்ஸ் இல்லை. ஆகவே அவருடைய வழக்கம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். காரியம் தோற்றால், பிழை எதிலென்று கண்டுபிடிக்கும்வரை யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.