சூசை மச்சான் பின்னிய தொட்டில்

அன்று ஆலங்குடாக் கடல் மூச்சுவிட மறந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் காற்று வழமைபோல் அடித்தது. வெள்ளைக்காரர் பலகையில் நின்று, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடினார்கள். கரைவலை இழுத்துக்கொண்டு நின்ற எனக்குத் தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணே, அவர் போயிட்டார்."

அவளுடைய புருஷன், என் மச்சான் சூசை. திருக்கை மீன்கூட வழிவிட்டு ஒதுங்கும் ஆள். யுத்தம் முடிந்து உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கியதும் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் குடில் போட்டார். எத்தனை நாள் தங்கலாம் என்று கேட்டவனுக்கெல்லாம் ஒரே பதில்: "காத்து இருக்கிற மட்டும் இரு தம்பி. ஆர் உன்னைத் துரத்துறது?" விசா முடியப்போகிறவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் நீட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

அகதியாக வெளிநாடு போன அவருடைய மகளால் இங்கே திரும்ப முடியாது. பேரன் பிறந்தபோது மச்சானுக்கு அந்த நாட்டு விசா கிடைத்தது. பாப்பரசர் புறப்பட்டிருந்தாலும் ஊர் அவ்வளவு கருவாடு கட்டிக் கொடுத்திருக்காது.

அங்கே விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைக் கிளறினார். கருவாட்டை விட்டுவிட்டு, வலை ஊசியையும் நூலையும் தூக்கிப் பிடித்தார். இது எதற்கு என்று மொழிபெயர்க்க வந்த பெண் கேட்டாள். கலியாண வீட்டுக்குப் போனாலும் ஊசியோடு போகிற சனம் நாங்கள். மச்சான் பெருமையாகச் சொன்னாராம், "சும்மா இருந்து சாப்பிடமாட்டன் பிள்ளை. இங்கயும் வலை பின்னுவன்." பேரனுக்குத் தொட்டில் பின்னத்தான் அந்த நூல். அதை ஒருவரும் கேட்கவில்லை. பார்க்க வந்தவர் வேலை செய்யப்போகிறார் என்று அதிகாரி முடிவுகட்டினார். விசா செல்லும்தான்; உள்ளே விடுவது அவர் மனம். மகள் பிள்ளையோடு வெளியே காத்திருக்க, மச்சானைத் திரும்பும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

திரும்பி வந்து இறங்கியவரிடம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் பகிடி விட்டேன். "என்ன மச்சான், உங்களைக் கண்டு நாடே பயந்திட்டுதோ?"

அவர் சிரிக்கவில்லை. "அங்க என்னை வச்சிருந்த அறைக் கதவு திறக்கிற நேரமெல்லாம் வெளியில ஒரு குழந்தை அழுற சத்தம் கேட்டுது, மச்சான். எங்கட பிள்ளையோ தெரியாது."

ஒருதடவை திருப்பி அனுப்பப்பட்டவர் என்று பிறகு விசாவே கொடுக்கவில்லை. அதன்பின் அந்த நாட்டுக்காரன் ஒருவன் எங்கள் கரைக்கு வந்தான். மச்சான் அவனை ஓட ஓட விரட்டப்போகிறார் என்று நான் வேலியோரம் நின்றேன். "காத்து இருக்கிற மட்டும் இரு தம்பி," என்றார்.

அடக்கத்தை மகள் போனில் பார்த்தாள்.

அந்தத் தொட்டிலை மச்சான் பின்னி முடித்து என்னிடம்தான் தந்தார். என் வீட்டில் தொங்குகிறது. யானையைப் போட்டு ஆட்டினாலும் அறாது என்று வருகிறவர்களுக்கு அளக்கிறேன். ஒரு பிள்ளையும் அதில் படுத்ததில்லை.