பத்தொன்பதும் நாலும்

என் மகள் நாலாம் வகுப்பு படித்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இனிமேல் பரீட்சையைத் தாளில் வைப்பதா, கம்ப்யூட்டரில் வைப்பதா என்று முடிவு செய்ய, பெரிய டீச்சர் இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தார். ஒரே பாடம், இருபது கேள்வி. முதல் வாரம் தாளில் எழுதினார்கள். அடுத்த வாரம் கேள்வித்தாளைக் கையில் கொடுத்து, சரியான விடையின் எண்ணை மட்டும் கம்ப்யூட்டரில் தட்டச் சொன்னார்கள். தட்டிய எண் ஒரு கட்டத்தில் விழும். உடனே மெஷின் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். திரும்பி வர வழி கிடையாது.

என் மகள் தாளில் பத்தொன்பது வாங்கினாள். கம்ப்யூட்டரில் நாலு.

மறுநாளே என்னை வரச் சொல்லி அனுப்பினார்கள். தறியை அப்படியே விட்டுவிட்டு, பூசிய விபூதியோடு பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிளை மிதித்தேன். வழியில் ஒரு கோபுரத்தையும் விடாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டே போனேன். தெருவுக்குத் தெரு கோபுரம் நிற்கும் எங்கள் ஊரில் அப்படிப் போனால் சைக்கிள் ஓட்ட ஒரு கைதான் மிஞ்சும்.

பெரிய டீச்சர் அறையில் வகுப்பு டீச்சரும் இருந்தார். என் மகள் சுவரோரம் தலை குனிந்து நின்றாள்.

"தாள்ல பக்கத்துப் பொண்ணைப் பாத்து எழுதிடலாம். மெஷின்ல முடியாது. உண்மையான மார்க் வெளிய வந்துடுச்சு" என்றார் வகுப்பு டீச்சர். இன்னும் சிலரோடு அவளையும் பின்தங்கிய பிள்ளைகளின் வகுப்புக்கு மாற்றப் போகிறார்களாம்.

மார்க்கு போனால் போகட்டும். என் பிள்ளை திருடி எழுதினாள் என்ற பேச்சை எப்படித் தாங்குவது?

"அந்த மெஷின்ல அவ இன்னா போட்டான்னு பாக்கலாமா டீச்சர்?"

"பாத்து உங்களுக்கு இன்னா புரியும்?" என்றார் வகுப்பு டீச்சர்.

"நான் ஏழாவதோட நின்னவன்தான். ஆனா தெனம் இழை எண்ணிக்கினு இருக்கிறவன். எண்ணு தெரியும்."

பெரிய டீச்சர் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஒரு வரிசையில் சரியான விடைகள், பக்கத்தில் என் மகள் தட்டியவை. முதல் விடை மூன்று. அவள் இரண்டு தட்டியிருந்தாள்.

"முதல் கேள்விக்கு ஏம்மா ரெண்டு போட்ட?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு போடலப்பா. பிள்ளையார் சுழி போட்டேன். அந்தத் தட்டுற பலகையில சுழி இல்ல. ரெண்டுதான் சுழி மாதிரி இருந்துச்சு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுபடியும் தாளைப் பார்த்தேன். தறியில் இழைகளைக் கோக்கும் அச்சுப் பல்லில் ஒரு இழை இடம் மாறினால் அதற்கு அடுத்ததெல்லாம் வரிசையாக ஒரு பல் தள்ளிப் போகும் இல்லையா? அதே கதை! அவளுடைய இரண்டாவது கட்டத்தில் முதல் கேள்வியின் விடை. மூன்றாவதில் இரண்டாவதின் விடை. விரலை வைத்து இறங்கிக்கொண்டே போனேன், கத்தியே விட்டேன். "டீச்சர், எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்குது!"

"கடைசியில ஒரு கேள்வி பாக்கி இருக்குதுன்னு சொன்னேனே டீச்சர்" என்றாள் மகள். "மெஷின் முடிஞ்சுதுன்னு எழுப்பி விட்டுட்டீங்க."

வகுப்பு டீச்சர் முகம் சிவந்தார். "இப்படி ஆளாளுக்கு நகத்திக் கணக்குப் பாத்தா எல்லாரும் பாஸ்தான்" என்றார்.

"அப்போ மறுபடி வெச்சிடலாம்" என்றார் பெரிய டீச்சர்.

வேறு கேள்வித்தாள் வந்தது. மகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். விரலைத் தூக்கியவள் தட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சுழி போடாமல் அவள் எதையும் தொடங்கியதே இல்லை. நான் வாய் திறப்பதற்குள் வகுப்பு டீச்சரே தன் பென்சிலை நீட்டினார்.

"கேள்வித்தாள் மேல போட்டுக்கோ கண்ணு. அதை மெஷின் பாக்காது."

போட்டாள். பிறகு டக் டக்கென்று தட்டினாள். நான் சிவ சிவ என்று சொல்லிக்கொண்டே நின்றேன். கடைசிக் கட்டமும் நிறைந்தது. பதினெட்டு!

பெரிய டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து, வகுப்பு மாற்றும் பட்டியலில் என் மகள் பெயரை அடித்தார். எனக்கு அது போதவில்லை.

"பாத்து எழுதினான்னு பிள்ளைங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும். அப்படி இல்லன்னு அவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க டீச்சர்."

மறுக்காமல் எங்களோடு வகுப்பறைக்கு வந்தார் வகுப்பு டீச்சர்; பட்டியலோடு பெரிய டீச்சரும் வந்தார். என் மகள் தோளில் கை வைத்து, எல்லோர் முன்னிலும் நடந்ததை விவரமாகச் சொன்னார். "இவ யாரையும் பாத்து எழுதல. முதல்ல பிள்ளையார் சுழின்னு நெனச்சு ரெண்டைத் தட்டிட்டா, அவ்வளவுதான். வேற யாராச்சும் அப்படித் தட்டினீங்களா?"

பின் பெஞ்சில் ஒரு கை எழுந்தது. அடுத்து ஜன்னலோரம் ஒன்று. பிறகு இன்னும் மூன்று.

பெரிய டீச்சர் கையிலிருந்த பட்டியலையும் அந்தப் பிள்ளைகளின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சிவப்புப் பேனாவின் மூடியை மறுபடியும் கழற்றினார்.